ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்ட பையன்: பத்தாம் வகுப்புச் சான்றிதழ் வரையிலான ஒரு வீட்டுக்கல்வி நிகழ்வு ஆய்வு

திருச்சியில் ஹார்டுவேர் கடை நடத்தும் அப்பா, பி.காம். படித்து வீட்டில் இருக்கும் அம்மா. மூத்த பையன் ஆறாம் வகுப்பு முடித்ததும் ஏப்ரலில் பள்ளியிலிருந்து நிறுத்தப்படுகிறான். வயது 11 ஆண்டு 8 மாதம், பிறந்த நாள் ஆகஸ்ட் 20. காலையில் வயிற்றுவலி, பரீட்சைக்கு முன்னால் வாந்தி, மதிப்பெண் அட்டையில் கணக்குக்கு எதிரே சிவப்புக் கோடு. நான்கு ஆண்டு கழித்து, அவனோடு படித்தவர்கள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய அதே பருவத்தில், அவனும் பத்தாம் வகுப்பை முடித்தான். இடையில் எது சரியாகப் போனது, எது தவறியது, ஏன் என்பதுதான் இந்த ஆய்வு.

இது ஒரே வீட்டின் வரலாறு அல்ல. வீட்டுக்கல்விக்கு வரும் குடும்பங்கள் திரும்பத் திரும்பச் சந்திக்கும் நிலைகளை ஒரு குடும்பமாகத் தொகுத்திருக்கிறோம். விதிகளும் தேர்வு முறைகளும் உள்ளபடியே தரப்பட்டுள்ளன. விண்ணப்பத் தேதிகளை மட்டும் அந்தந்த ஆண்டின் அறிவிப்போடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

முதல் நான்கு மாதம்

ஜூன் மாதம் குடும்பம் செய்த முதல் வேலை கால அட்டவணை போட்டது. காலை 9 முதல் மாலை 3.30 வரை எட்டுப் பீரியட். சுவரில் வெள்ளைப் பலகை, ஏழாம் வகுப்புச் சமச்சீர் புத்தகங்கள் முழு செட், பாடத்துக்கு ஒரு நோட்டு. அம்மாவே எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியர். ஜூலையில் பத்து மணிக்கே சண்டை தொடங்கியது. ஆகஸ்டில் பையன் பேசாமல் உட்கார்ந்திருந்தான். செப்டம்பரில், திரும்பவும் ஏதாவது பள்ளியில் சேர்த்துவிடலாமா என்று அப்பா கேட்டார்.

வீட்டுக்கல்வியை நடுவில் கைவிடும் குடும்பங்களில் பெரும்பாலும் இதே கட்டத்தில்தான் முறிவு வருகிறது. பெற்றோருக்குப் பாடம் தெரியாததால் வரும் முறிவு அல்ல இது. பள்ளி நாளை அப்படியே வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துவதால் வருவது. பள்ளியில் 40 நிமிடப் பீரியடில் வருகைப்பதிவு, நோட்டு திருத்துவது, பின்பெஞ்சை அடக்குவது, கரும்பலகையைப் பார்த்து எழுதுவது எல்லாம் போக ஒரு பிள்ளைக்கு நேராகக் கிடைக்கும் கவனம் மிகக் குறைவு. வீட்டில் எதிரே ஒரே ஒரு பிள்ளை. கண் எடுக்காத கவனத்தில் ஆறரை மணி நேரம் என்பதைப் பெரியவர்களாலேயே தாங்க முடியாது. 11, 12 வயதுக்கு அம்மாவோ அப்பாவோ பக்கத்தில் உட்காரும் படிப்பு ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம் போதும். அதற்கு மேல் இழுத்தால் மறுநாள் படிப்பையும் அது தின்றுவிடும்.

இரண்டாவது கோளாறு இன்னும் நுட்பமானது. எங்கே நிற்கிறான் என்று பார்க்காமல் ஏழாம் வகுப்பில் தொடங்கினார்கள். அவன் கணக்கு நின்றுபோனது ஐந்தாம் வகுப்பில்.

நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்தல்

அக்டோபரில் பத்து நாள் புதுப்பாடம் எதுவும் நடத்தவில்லை. தினமும் அரை மணி நேரம், மதிப்பெண் போடாத சோதனை மட்டும். நான்காம் வகுப்புப் பாடநூலில் ஆரம்பித்து மேலே ஏறினார்கள். ஒவ்வொரு அலகிலிருந்தும் மூன்று கணக்கு. மூன்றும் சரி என்றால் அடுத்த அலகு. இரண்டு தவறினால் அங்கே நிறுத்தி, போட்ட வழியை வாயால் சொல்லச் சொல்வது. சொல்ல வைப்பதுதான் முக்கியம். விடையை மட்டும் பார்த்தால் கவனக்குறைவுக்கும் புரியாமைக்கும் வித்தியாசம் தெரியாது.

அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தான்.

"தம்பி, இது எப்படி வந்துச்சு?"

"மேல ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு, கீழ ரெண்டும் மூணும் அஞ்சும்மா."

பின்னம் என்பது ஒரே எண் என்று அவனுக்குத் தெரியவில்லை. கோட்டுக்கு மேலும் கீழும் இரண்டு தனி எண்கள் இருப்பதாகவே பார்த்திருக்கிறான். மீச்சிறு பொது மடங்கு எடுக்கும் முறையைப் பள்ளியில் மனப்பாடமாகச் செய்து மதிப்பெண் வாங்கியிருக்கிறான், மூன்று மாதத்தில் மறந்துவிட்டது. இதற்கு அதே முறையை மறுபடி சொல்லித் தருவது வீண். கட்டம் போட்ட நோட்டில் 12 கட்டம் நீளமுள்ள பட்டைகளை வெட்டச் சொன்னார்கள். அரைப் பட்டை 6 கட்டம், மூன்றில் ஒரு பட்டை 4 கட்டம், சேர்த்து வைத்தால் 10 கட்டம். 12இல் 10. ஐந்தில் இரண்டு என்றால் ஐந்து கட்டம்கூட வராதே என்று அவனே சொன்னான். அரையோடு இன்னொன்றைச் சேர்த்தால் விடை அரையைவிடக் குறையுமா என்ற கேள்வியை அதன்பின் எல்லாப் பின்னக் கணக்குக்கும் கேட்கப் பழக்கினார்கள். பட்டை 12 கட்டமாக இருப்பதற்குக் காரணம் உண்டு: 2, 3, 4, 6 எல்லாவற்றாலும் மீதியின்றிப் பிரியும். 10 கட்டம் எடுத்தால் மூன்றில் ஒன்றிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

தசமத்தில் 0.35 பெரிதா 0.4 பெரிதா என்றால் 0.35 என்றான். 35, 4ஐ விடப் பெரிது அல்லவா! இந்த இடத்தில் பல பெற்றோர் காசைக் கொண்டு விளக்குவார்கள். அது பாதி உதவும், பாதி கெடுக்கும். ரூபாய், பைசா இரண்டும் வேறு வேறு அலகு என்பதால் புள்ளிக்கு முன்னும் பின்னும் இரண்டு தனி எண்கள் என்ற பழைய எண்ணமே உறுதியாகும். மீட்டர் டேப் நல்லது. அதில் 0.4 மீட்டரையும் 0.35 மீட்டரையும் விரல் வைத்துக் காட்டலாம், 0.352 எங்கே வரும் என்றும் கேட்கலாம். கடையில் டேப்புக்குக் குறைவில்லை.

கடைக் கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை அப்பாவோடு பில் போடுவது பாடத்திட்டத்தில் சேர்ந்தது. 1,000 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,180 என்று சுலபமாகப் போட்டான். வரி உள்பட 1,180, வரி இல்லாமல் எவ்வளவு என்று திருப்பிக் கேட்டால் 1,180இல் 18 சதவீதம் கண்டுபிடித்து, 212.40ஐக் கழித்து, 967.60 என்றான். சதவீதம் எதன்மேல் என்பதைத் தவறவிடுவது பத்தாம் வகுப்புவரை தொடரும் பிழை. 118 பங்கில் 100 பங்கு என்று பட்டை வரைந்து காட்டிய பிறகு சரியானது. கடை, சமையல், பேருந்துப் பயணம் எல்லாம் நல்ல பயிற்சிக் களங்கள்தான். ஆனால் கருத்து புரியாத பிள்ளையைக் கடையில் உட்கார வைத்தால் குறுக்குவழியை மட்டும் பிடித்துக்கொள்ளும். முதலில் பட்டை, பிறகு கடை.

தமிழ் வாசிப்புக்கு வேறொரு சோதனை. பாடநூலில் 100 சொல் உள்ள பகுதியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, தடுக்கிய சொற்களைக் கோடிட்டு எண்ணுவது. ஐந்துக்கு மேல் போனால் அந்தப் புத்தகம் தனியாகப் படிக்கக் கடினம், பக்கத்தில் ஒருவர் வேண்டும். ஏழாம் வகுப்புப் பாடத்தில் அவனுக்கு மூன்று. வாசிப்பு நன்றாக இருந்தது. எழுத்தில்தான் சிக்கல்: ற, ர மாறும், ண, ன மாறும், வல்லினம் மிகும் இடங்கள் காற்றில் போய்விடும். ஆக, தமிழுக்குப் புதிதாக உரைநடை நடத்தும் நேரம் மிச்சமானது. அந்த நேரம் சொல்வதெழுதலுக்குப் போனது.

மாற்றியமைத்த நாள்

காலை 7.30 முதல் 8.15 வரை கணக்கு. பையன் அந்த நேரத்தில்தான் தெளிவாக இருந்தான். சாப்பாடு, தங்கையைப் பள்ளிக்கு அனுப்பும் அமளி எல்லாம் முடிந்து 9.45க்குத் தமிழோ ஆங்கிலமோ ஒருநாள் விட்டு ஒருநாள், 40 நிமிடம். 11 மணிக்கு அறிவியல் அல்லது சமூக அறிவியல், ஒரு மணி நேரம். அவ்வளவுதான் அம்மா பக்கத்தில் உட்காரும் நேரம். மதியம் அவனாகப் படிக்கும் ஒரு மணி நேரம், அதன்பின் அவன் விருப்பம். ரேடியோவைப் பிரிப்பதோ, மாடித் தோட்டமோ, படுத்துக்கொண்டு காமிக்ஸ் படிப்பதோ அவன் பாடு. வெள்ளிக்கிழமை புதுப்பாடம் கிடையாது. அந்த வாரம் தவறிய கணக்குகளையும் சொற்களையும் மட்டும் மறுபடி பார்ப்பது. வெள்ளிக்கிழமையை விட்டுக்கொடுக்காதீர்கள் என்று எல்லாக் குடும்பங்களிடமும் வற்புறுத்துவோம். பாடம் முன்னேறவில்லையே என்ற பதற்றத்தில் முதலில் பலியாவது இந்தத் திருப்புதல் நாள்தான். அது போனால் மூன்று மாதத்தில் பின்னப் பட்டைகளைத் திரும்ப வெட்ட வேண்டியிருக்கும்.

அம்மாவுக்கும் பையனுக்கும் நடந்த சண்டைக்கு மருந்து நேரக் குறைப்பு மட்டுமல்ல. திருத்தும் வேலையைக் கை மாற்றியது பெரிய மாற்றம். அவன் எழுதும்போதே எட்டிப் பார்த்து "இது தப்பு" என்று சொல்வதை அம்மா நிறுத்தினார். விடைகளை அவனே பின்பக்கத்தில் பார்த்து, தவறியதற்கு எதிரே ஒரு புள்ளி வைப்பான். புள்ளி வைத்தவற்றை மட்டும் இரவு அப்பாவோடு உட்கார்ந்து பேசுவான். பார்த்து எழுதிவிட மாட்டானா என்று கேட்கலாம். முதல் இரண்டு வாரம் எழுதினான். வெள்ளிக்கிழமைத் திருப்புதலில் அதே கணக்கு வரும்போது முடியாமல் போனதும் தானாக நின்றது. மதிப்பெண்ணே இல்லாத வீட்டில் ஏமாற்றுவதில் அவனுக்கு லாபம் எதுவும் இல்லை.

சொல்வதெழுதல் வாரத்துக்கு இரண்டு முறை, தடவைக்கு எட்டு வாக்கியம். ஒரே பத்தியைத் திங்களும் வியாழனும் கொடுத்தார்கள். திங்கள் தவறிய சொற்களை ஒரு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவைத்து, வியாழன் மீண்டும் தவறுவதை மட்டும் சிவப்பில் வட்டமிடுவது. சிவப்பு வட்டம் போட்ட சொற்கள் எப்போதும் பத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் பத்தி கடினம் என்று பொருள். ஒரு கல்வியாண்டில் ற, ர குழப்பம் பெருமளவு குறைந்தது. ஒற்று மிகுதல் பத்தாம் வகுப்புவரை அவனைத் துரத்தியது.

ஆங்கிலத்துக்குக் குடும்பம் அதிகம் மெனக்கெடவில்லை. தினமும் 15 நிமிடம் உரக்க வாசிப்பு, வாரம் ஒரு கடிதம். அதுவே தேர்வுக்குப் போதுமானதாக இருந்தது.

அறிவியலில் புத்தகத்தைவிடக் கைவேலை முன்னால் வந்தது. இரண்டு 1.5 வோல்ட் பேட்டரி, 100 ஓம் மின்தடை, சிவப்பு எல்.இ.டி., ஒரு சுவிட்ச், சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர். மின்னோட்டம், மின்னழுத்தம், மின்தடை மூன்றையும் இதிலேயே அளக்கலாம். எல்.இ.டி. ஒரு பக்கம் மட்டும் எரியும். எரியாவிட்டால் திருப்பிப் போட வேண்டும். மல்டிமீட்டரை மின்னோட்ட அளவில் வைத்துவிட்டு பேட்டரியின் இரு முனைகளில் நேராக வைத்தால் உள்ளே இருக்கும் ஃபியூஸ் போகும். மின்னோட்டத்தைச் சுற்றின் நடுவில் தொடராக வைத்துத்தான் அளக்க வேண்டும். அமிலம், காரம் பார்க்கச் செம்பருத்திப் பூவின் சாறு: எலுமிச்சையில் சிவக்கும், சோப்புத் தண்ணீரில் பச்சையாகும். குளியலறை சுத்தம் செய்யும் அமிலத்தையும் பிளீச்சிங் பவுடரையும் சோதனைக்காகக்கூடச் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு வெளியேறும். பிள்ளை தனியாகச் சோதனை செய்யும் வீட்டில் இந்த இரண்டும் வேறு வேறு அலமாரியில் பூட்டியிருக்க வேண்டும்.

திருச்சியில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் இருக்கிறது, மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. சமச்சீர் பாடநூல்களும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களும் இணையத்தில் இலவசம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் இந்த வயதுக்குப் பொருத்தமானது. ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பாடத் தொகுப்பு வாங்கும் முன் இவற்றை ஆறு மாதம் பயன்படுத்திப் பார்ப்பது நல்லது.

தோழமைக்கு என்ன வழி என்று உறவினர் எல்லோரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. மாலை 4.30 மணிக்குத் தெருப் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்துவிடுவார்கள் என்பதால் அந்த நேரத்தில் படிப்பு வைக்கவே இல்லை. வாரம் மூன்று நாள் சிலம்பம். ஒரே நண்பர் வட்டத்தை ஓராண்டாவது தொடர்ந்து சந்திக்க வேண்டும். வாரம் ஒரு புது முகாம், புது வகுப்பு என்று சுற்றினால் பழக்கம் உண்டாகும், நட்பு உண்டாகாது.

சட்டமும் காகிதமும்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பொருந்தும். அதன் 10ஆம் பிரிவு, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குச் சட்டத்தில் தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. வீட்டுக்கல்விக்கென்று தனிப் பதிவு முறையும் இல்லை. 4ஆம் பிரிவு குடும்பத்துக்குப் பாதுகாப்பு: நடுவில் பள்ளிக்குத் திரும்ப விரும்பினால் 14 வயதுக்குள் வயதுக்கேற்ற வகுப்பில் சேரலாம், ஈடுகொடுக்கச் சிறப்புப் பயிற்சியும் பெறலாம். பின்வாங்கும் கதவு திறந்தே இருக்கிறது என்று தெரிந்தால் பெற்றோரின் பதற்றம் பாதி குறையும்.

மாற்றுச் சான்றிதழ் வாங்கியதும் மாணவனின் பெயர், பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் காமன் பூல் எனும் பொதுத் தொகுப்புக்குப் போகும். அடுத்த பள்ளியில் சேராவிட்டால், பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுப்பில் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். இந்த வீட்டுக்கும் வந்தார்கள். அவர்களோடு சட்டம் பேசிச் சண்டை போடுவது தவறு. குழந்தைத் தொழிலாளர்களையும் இடைநின்ற பெண்பிள்ளைகளையும் மீட்கும் கணக்கெடுப்பு அது. ஒரு கோப்பு எடுத்துக் காட்டினால் போதும். வாரத்துக்கு ஒரு தாளில் என்ன படித்தான், எது தவறியது என்ற குறிப்பு. மாதத்துக்கு ஒவ்வொரு பாடத்திலும் ஒரு மாதிரிப் பக்கம், தேதியோடு. எந்த வாரியத்தில் எப்போது தேர்வு எழுதுவான் என்று ஒரு பக்கத் திட்டம். பாக்ஸ் ஃபைல் ஆண்டுக்கு ஒன்று. அம்மா இதை முதல் மாதத்திலிருந்தே வைத்திருந்தது பெரிய நன்மை.

பாக்கிக் கட்டணத்தைக் காட்டி மாற்றுச் சான்றிதழ் தர மறுப்பது அடிக்கடி நடக்கிறது. கட்டணப் பாக்கியைச் சான்றிதழில் குறிப்பிடக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இனிஷியல் விஷயத்தை எல்லோரும் அலட்சியமாக விடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் வெறும் பெயர், ஆதாரில் இனிஷியல் பின்னால், மாற்றுச் சான்றிதழில் முன்னால், ஆங்கில எழுத்தில் ஒன்றில் ஒரு எழுத்து கூடுதல். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் போகும்போது வகுப்பாசிரியர் பிடித்துவிடுவார். வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஆள் இல்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ஏறும் பெயரே பாஸ்போர்ட் வரை தொடரும். 13 வயதிலேயே மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, முதலில் ஆதாரைத் திருத்துங்கள்.

எந்த வாரியம்?

இரண்டு வழிகள் குடும்பத்தின் முன் இருந்தன. ஒன்று, தமிழ்நாடு அரசுத் தேர்வுத் துறையில் தனித்தேர்வர். 12½ வயது முடிந்தால் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு, 14½ முடிந்தால் பத்தாம் வகுப்பு. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிவு செய்து வகுப்புக்குப் போக வேண்டும். புத்தகம் பழகியது, உள்ளூர்க் கல்லூரிகளுக்குத் தெரிந்த சான்றிதழ். மற்றொன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம். 1989இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளியாகத் தொடங்கி 2002இல் இன்றைய பெயர் பெற்ற என்.ஐ.ஓ.எஸ். இங்கே ஐந்து பாடம் தேர்ச்சி பெற்றால் போதும், அதில் ஒன்றாவது மொழியாக இருக்க வேண்டும். தேர்வு ஆண்டுக்கு இருமுறை. ஒரு பதிவு ஐந்தாண்டு செல்லும், ஒன்பது வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு பாடமாகக்கூட எழுதிச் சேர்க்கலாம். தேர்ச்சிக்கு 33 சதவீதம்.

தேர்வு என்றாலே வாந்தி எடுத்த பையனுக்கு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை என்பது தீர்மானமான காரணம். என்.ஐ.ஓ.எஸ். தேர்ந்தெடுத்தார்கள்.

பாடத் தேர்வில் அக்கம்பக்கம் சொன்ன யோசனை: கணக்கை விட்டுவிடு, ஓவியமும் மனையியலும் எடு, சுலபமாகத் தேறலாம். சான்றிதழ் கிடைக்கும், உண்மை. ஆனால் கணக்கும் அறிவியலும் இல்லாத பத்தாம் வகுப்பை வைத்துக்கொண்டு ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் பிரிவுக்குக்கூடப் போக முடியாது. 15 வயதில் அந்தக் கதவை மூடுவதற்குப் பெற்றோருக்கு உரிமை இல்லை என்பது எங்கள் கருத்து. பிள்ளைக்குக் கணக்கில் கற்றல் குறைபாடு இருப்பதாக மருத்துவச் சான்று இருந்தால் ஒழிய இந்த இரண்டையும் விடாதீர்கள். தமிழையும் விடாதீர்கள். 2021 டிசம்பர் முதல் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் பத்தாம் வகுப்புத் தரத்தில் தமிழ்த் தகுதித் தாள் கட்டாயம், 40 சதவீதம் வேண்டும். இவன் எடுத்தவை தமிழ் (237), ஆங்கிலம் (202), கணிதம் (211), அறிவியல் (212), சமூக அறிவியல் (213).

இழப்புகளையும் குடும்பம் முன்கூட்டியே அறிந்திருந்தது. ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத மருத்துவ இட ஒதுக்கீடு கிடைக்காது. தமிழ்வழியில் படித்தோருக்கான 20 சதவீத அரசு வேலை ஒதுக்கீட்டுக்குப் பள்ளி முதல் தமிழ்வழிச் சான்று கேட்கிறார்கள், அதுவும் கடினம். அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை எடுக்க நினைக்கும் குடும்பம் இதை ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும்.

சான்றிதழே வேண்டாம், திறமை போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பொதுவெளி உதாரணம் சொல்லலாம். ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்ட மும்பை மாணவி ஒருவர் பன்னாட்டுத் தகவலியல் ஒலிம்பியாடில் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் வென்றார். 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. சேர்த்துக்கொண்டது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாததால் ஐ.ஐ.டி.யில் சேர முடியவில்லை. இந்தியாவில் அவருக்கு இடம் கொடுத்தது சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம், எம்.எஸ்சி. தரப் பாடங்களில் சேர்த்துக்கொண்டது. மூன்று உலகப் பதக்கம் உள்ளவருக்கே இந்த நிலை.

ஆகஸ்ட் 20 தந்த சிக்கல்

என்.ஐ.ஓ.எஸ். பத்தாம் வகுப்புக்குக் குறைந்தது 14 வயது. ஏப்ரல் தேர்வுக்கான பதிவு வழக்கமாக முந்தைய ஆண்டின் மார்ச் நடுவில் தொடங்கி ஜூலை இறுதிவரை. வயது ஜூலை 31 அன்று நிறைய வேண்டும். அக்டோபர் தேர்வுக்கான பதிவு செப்டம்பர் நடுவிலிருந்து ஜனவரி இறுதிவரை. வயது ஜனவரி 31இல். இவனுக்கு 20 நாள் இடித்தது. ஜூலையில் போய் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகே அப்பாவுக்குத் தெரிந்தது.

அடுத்த ஜூலைவரை காத்திருக்கத் தேவையில்லை. ஜனவரிக்குள் இரண்டாம் கட்டத்தில் பதிந்து, அக்டோபரில் மொழிகளையும் சமூக அறிவியலையும், அதை அடுத்த ஏப்ரலில் கணக்கையும் அறிவியலையும் எழுதலாம். அப்படியே செய்தார்கள். கணக்குக்குக் கூடுதலாக ஆறு மாதம் கிடைத்தது. ஆகஸ்ட் முதல் ஜனவரிவரை பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பிரிப்பு முறை நன்றாக ஒத்துவரும்.

வகுப்பும் செய்முறையும் நடக்கும் படிப்பு மையத்தைப் பதிவின்போது வீட்டுக்குப் பக்கம் என்று மட்டும் பார்த்துக் குறித்தது அடுத்த தவறு. தொடர்பு வகுப்புகள் பெயருக்கு நடந்தன, அறிவியல் கூடம் பூட்டிக் கிடந்தது. செய்முறைத் தேர்வு எழுத்துத் தேர்வுக்கு முன்பே வரும், அதில் தனியாகத் தேற வேண்டும். மையத்தைக் குறிக்கும் முன் நேரில் போய் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், வகுப்பு எந்தக் கிழமை என்று கேளுங்கள். இவனுக்கு வீட்டு மல்டிமீட்டரும் செம்பருத்தியும் கைகொடுத்தன. வீட்டில் செய்ய முடியாத சோதனைகளுக்கு உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் நான்கு ஞாயிறு போனான்.

டி.எம்.ஏ. எனும் ஒப்படைப்புகளுக்கு எழுத்துத் தேர்வு மதிப்பில் 20 சதவீதம். அக்டோபர் எழுதுபவர்களுக்கும் ஏப்ரல் எழுதுபவர்களுக்கும் கடைசித் தேதி வேறு. குடும்பம் ஏப்ரல் தேதியைப் பார்த்துவிட்டுச் சமூக அறிவியலுக்குச் சமர்ப்பிக்கவில்லை. விளைவு, தேர்வுத் தாளில் 60 சதவீதம் எடுத்தவனுக்கு மொத்தத்தில் 48தான் வந்தது. ஒப்படைப்பு என்பது வீட்டில் புத்தகத்தைப் பார்த்து எழுதக்கூடிய வேலை. பத்தாம் வகுப்பில் இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் மதிப்பெண் வேறில்லை. பதிவு எண் வந்த அன்றே இந்தத் தேதிகளைக் காலண்டரில் எழுதிவிட வேண்டும்.

மூன்று மணி நேரம்

மூன்றாண்டு வீட்டில் படித்தவன் தொடர்ந்து எழுதிய அதிகபட்ச நேரம் 40 நிமிடம். தேர்வு மூன்று மணி நேரம். ஏப்ரலிலேயே பயிற்சி தொடங்கியது. முதல் மாதம் அரை மணி, ஒவ்வொரு மாதமும் அரை மணி கூட்டி, செப்டம்பரில் முழுத் தாள். முதல் சோதனையில் 10 நிமிடத்தில் 70 சொல் எழுதினான், கடைசியில் 130. கட்டைவிரல் வலிக்குக் காரணம் பேனாவை நுனியில் இறுக்கிப் பிடித்தது. தடிமனான பேனா வாங்கி, இரண்டு சென்டிமீட்டர் மேலே பிடிக்கப் பழகியதும் சரியானது. பழைய வினாத்தாள்கள் என்.ஐ.ஓ.எஸ். தளத்தில் உள்ளன. இரண்டு முழுத் தாளாவது வீட்டுக்கு வெளியே, நூலகத்திலோ உறவினர் வீட்டிலோ, அறிமுகமில்லாத மேசையில் எழுத வேண்டும். தேர்வு மையத்தை முந்தைய வாரமே பேருந்தில் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். காலை வயிற்றுவலி முதல் தாளன்று மட்டும் வந்தது.

அக்டோபரில் மூன்று பாடமும் தேர்ச்சி. ஏப்ரலில் அறிவியல் நன்றாகவே வந்தது. கணக்கு 52.

ஏப்ரல் முடிவு பெரும்பாலும் ஜூனில்தான் வரும். மாநிலப் பாடத்திட்ட மாணவர்களுக்கு மே நடுவிலேயே முடிவு வந்து பதினொன்றாம் வகுப்பு இடங்கள் நிரம்பத் தொடங்கிவிடும். அப்பா மே முதல் வாரமே இரண்டு பள்ளிகளிலும் ஒரு பாலிடெக்னிக்கிலும் பேசி, அக்டோபர் மதிப்பெண்களையும் ஏப்ரல் நுழைவுச்சீட்டையும் காட்டி, முடிவு வரும்வரை இடம் வைத்திருக்கக் கேட்டுக்கொண்டார். ஒரு பள்ளி மறுத்தது, மற்ற இரண்டும் ஒத்துக்கொண்டன. மதிப்பெண் பட்டியலோடு வரும் இடப்பெயர்வுச் சான்றிதழின் மூலப்பிரதியைச் சேரும் இடத்தில் வாங்கிக்கொள்வார்கள். ஐந்து நகல் எடுத்துக்கொண்டே கொடுக்க வேண்டும்.

பையன் பாலிடெக்னிக்கில் மின்னியல் எடுத்தான். பன்னிரண்டாம் வகுப்பை என்.ஐ.ஓ.எஸ்.ஸிலேயே தொடர நினைப்பவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையே இரண்டு ஆண்டு இடைவெளி இருந்தால்தான் ஐந்து பாடமும் முழுமையாகிச் சான்றிதழ் வரும். ஓராண்டில் நான்கு பாடம் மட்டுமே எழுத முடியும். எட்டு முதல் பன்னிரண்டுவரை தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்த பதிவு இல்லாததால், பொறியியல் கலந்தாய்வுக்கு இ-சேவை வழியாகப் பிறப்பிடச் சான்று வாங்கியாக வேண்டும். விண்ணப்பித்து, வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் எனப் படியேறி வரும் சான்று அது. கலந்தாய்வு அறிவிப்புக்குக் காத்திராமல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு விண்ணப்பித்துவிடுங்கள்.